தட்டில் இருக்கும் புரதம் உடலில் சேரும் வரை

புரதம் போதவில்லையோ என்ற கவலையோடு எங்களிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "தினமும் 60 கிராம் சாப்பிடுகிறேன், ஆனாலும் அசதி போகவில்லை" என்பார்கள். அந்த 60 எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வேளையாகப் பிரித்து எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் 35-இலோ 40-இலோ வந்து நிற்கும். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அட்டவணையில் படித்த கிராம், சமையல், செரிமானம், புரதத்தின் கட்டுமானத் துணுக்குகளான அமினோ அமிலங்களின் கலவை, மொத்தக் கலோரி எனப் பல வாசல்களைக் கடந்துதான் தசைக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. எங்கே, எவ்வளவு, ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், உணவைப் பெரிதாக மாற்றாமலே நிறையச் சரிசெய்யலாம்.

மிக அதிகமாக நடக்கும் பிழை முதல் வாசலிலேயே இருக்கிறது: உலர்ந்த எடையையும் வெந்த எடையையும் போட்டுக் குழப்புவது. உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அதே பருப்பு வெந்ததும் தண்ணீரை இழுத்துக்கொண்டு 250 முதல் 300 கிராம் வரை எடை ஏறுகிறது. புரதம் அதே 24-தான். ஆகவே வெந்த பருப்பு 100 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 8 அல்லது 9 கிராம். உலர்ந்த பருப்பின் எண்ணை வெந்த பருப்புக்குப் போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் கிடைக்கிறது. அரிசியிலும் இதே கதை. உலர்ந்த அரிசி 100 கிராமில் 7 கிராம், வெந்த சோறு 100 கிராமில் 2.7 கிராம். இறைச்சியில் இது தலைகீழ். வேகும்போது நீர் வெளியேறி எடை குறைகிறது. பச்சையாக 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 22, 23 கிராம். வெந்தபின் 100 கிராமில் சுமார் 31 கிராம். கோழிக்கு வெந்த எண்ணையும் பருப்புக்கு உலர்ந்த எண்ணையும் எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கணக்கு மேலே ஏறிவிடும்.

இதற்கு ஒரே வழி, ஒரு வாரமாவது சமையலறையில் தராசு வைத்துக்கொள்வது. பாத்திரத்தில் போடும் பருப்பை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். 150 கிராம் என்றால் மொத்தம் 36 கிராம் புரதம் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர், காய் எல்லாம் சேர்ந்து வெந்தபின் பாத்திரத்தின் எடையைக் கழித்து மறுபடி எடை போடுங்கள். 900 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கரண்டியில் 120 கிராம் பிடிக்கிறது என்றால் ஒரு கரண்டியில் 36-ஐ 900-ஆல் வகுத்து 120-ஆல் பெருக்க வேண்டும். 4.8 கிராம் வரும். நீர்த்த குழம்பாக வைத்து, அடியில் தங்கிய பருப்பைக் கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றினால் அதில் பாதிகூட வராது. ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடும் குடும்பத்தில் யாருக்குக் கெட்டிப் பகுதி போகிறது, யாருக்கு நீர்ப்பகுதி போகிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் சாப்பிடுகிறவருக்கும், மெல்ல முடியாத முதியவருக்கும் நீர்ப்பகுதிதான் போகும். எலும்பு வேகவைத்த சாற்றைப் புரதச் சத்து என்று நம்பிக் குடிப்பதும் இந்த வகைதான். அதில் கரைந்து வருவது பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டினில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அறவே கிடையாது.

கொட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 கிராம் பாதாமில் 6 கிராம் புரதம் இருப்பது உண்மை. கூடவே 175 கலோரியும் வருகிறது. அதைக் கொழுப்பு உணவாக எண்ணிக்கொண்டு, புரதத்தை உபரியாகக் கருதுவதே சரி. பாதாம் பால் அதைவிட மோசம். ஒரு கோப்பையில் பெரும்பாலும் 1 கிராம்தான் தேறும். சோயாப் பாலில் 7 கிராம் வரை கிடைக்கும், பசும்பாலில் 250 மில்லிக்கு 8 கிராம். மூன்றும் வெள்ளையாக இருப்பதால் மூன்றையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு வேண்டும்

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. 60 கிலோ எடைக்கு 50 கிராம். இந்த எண்ணுக்குள் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. சாப்பிடும் புரதம் நன்றாகச் செரிப்பதாக, அமினோ அமிலங்கள் சரியாக அமைந்ததாக இருக்க வேண்டும். கலோரி போதுமான அளவு கிடைக்க வேண்டும். ஆள் நோயில்லாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் 0.83 போதாது. உடல் பருமன் உள்ளவர் தன் தற்போதைய எடையைப் போட்டுக் கணக்கிட்டால் தேவைக்கு மேல் போகும். உயரத்துக்கு ஏற்ற எடையை எடுத்துக்கொள்வது நல்லது.

65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நோயிலிருந்து மீள்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை. எடைப் பயிற்சி செய்து தசை வளர்க்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது; அதற்கு மேல் ஏற்றினால் கூடுதல் தசை கிடைப்பது மிகக் குறைவு. பிரசவத்துக்கு முந்தைய கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 30 கிராம் அளவுக்கு வேண்டியிருக்கிறது, முதல் மூன்று மாதங்களிலோ 1 கிராம்தான். வாந்தியும் குமட்டலும் இருக்கும் அந்த முதல் மாதங்களில் புரதத்தைத் திணிக்கப் போராடுவது வீண் வேதனை.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் எண்

உணவில் புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை. அளக்கப்படுவது பெரும்பாலும் நைட்ரஜன். டென்மார்க் வேதியியலர் யோஹான் கெல்டால் 1883-இல் வகுத்த முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். கோதுமைக்கு இது 5.7, பாலுக்கு 6.38. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த முறைக்குத் தெரியாது. 2008-இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்து இந்தச் சோதனையை ஏமாற்றினார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சுமார் 3 லட்சம் குழந்தைகள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள்.

இன்று புரதப் பொடிகளில் நடக்கும் ஏமாற்று இவ்வளவு கொடியதல்ல, ஆனால் வழி அதேதான். விலை குறைந்த கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், பொட்டலத்தில் எண் ஏறும், தசைக்கு வேண்டியது ஏறாது. கண்டுபிடிக்கும் வழி இது: அமினோ அமில விவரம் அச்சிட்டிருந்தால், தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல வே புரதத்தில் (பால் திரிந்தபின் தெளியும் நீரிலிருந்து எடுப்பது) 25 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 2.5 கிராம் லியூசின் இருக்கும். 2 கிராமுக்குக் கீழே இருந்து, கிளைசின் மட்டும் தூக்கலாக இருந்தால் வாங்காதீர்கள். விவரமே அச்சிடாத பொடியை வாங்க ஒரு காரணமும் இல்லை.

லைசின் கணக்கு

உடல் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9-ஐ உணவிலிருந்தே பெற வேண்டும்: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபன், வாலின். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1930-களில் திரியோனினைக் கண்டறிந்தபின், மாணவர்களுக்கு மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தூய அமினோ அமிலம் ஆகியவற்றால் ஆன உணவைக் கொடுத்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். இன்றியமையாத ஒன்றை எடுத்துவிட்ட சில நாட்களிலேயே சாப்பிட்டதைவிட அதிக நைட்ரஜன் உடலைவிட்டு வெளியேறியது. பசி அடங்கிப்போனது, கடும் அசதி, எரிச்சல். திரும்பச் சேர்த்ததும் சரியானது. பெரியவர்களுக்கு 8 என்று அவர் முடிவு செய்தார். ஹிஸ்டிடின் பிற்பாடு பட்டியலில் சேர்ந்தது.

ஒன்று குறைந்தால் மற்றவை ஏன் வீணாகின்றன? செல்லுக்குள் ஒரு புரதம் உருவாகும்போது அமினோ அமிலங்கள் குறித்த வரிசையில்தான் கோக்கப்படுகின்றன. லைசின் வர வேண்டிய இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. மீந்துபோன அமினோ அமிலங்களைக் கொழுப்பைப்போல் சேமித்து வைக்கவும் உடலில் இடம் இல்லை. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை எரிபொருளாக்கிவிடுகிறது. 1914-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் மக்காச்சோளப் புரதமான ஸீனை மட்டும் எலிகளுக்குக் கொடுத்தபோது அவை மெலிந்தன. டிரிப்டோபன் சேர்த்ததும் எடை குறைவது நின்றது. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தன.

தானியத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு முதலில் தட்டுப்படுவது லைசின்தான். தேவை கிலோவுக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 1,800. கோதுமைப் புரதம் ஒரு கிராமில் சுமார் 27 மில்லிகிராம் லைசின். ஆக, 50 கிராம் புரதத்தையும் கோதுமையிலிருந்தே எடுத்தால் 1,350-தான் கிடைக்கும். கிராம் கணக்கு நிறைவேறியிருக்கும், லைசின் கணக்கில் கால் பங்கு குறையும். இதில் உலர்ந்த பருப்பு 30 கிராம் சேர்த்துப் பாருங்கள். அதில் 7 கிராம் புரதம், கிராமுக்கு 69 மில்லிகிராம் லைசின், கூடுதலாக 480. எல்லைக்கு வந்துவிட்டோம். செரிக்காமல் போகும் பகுதிக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்பதால் 50 கிராமாக வைத்துக்கொண்டால் நிம்மதி. அரிசியில் லைசின் கோதுமையைவிடக் கொஞ்சம் அதிகம், கிராமுக்கு 37 அளவில். ஆனால் அரிசியில் புரதமே குறைவு. பாலிலும் முட்டையிலும் கிராமுக்கு 70 முதல் 80 வரை உண்டு. 300 மில்லி பால் ஏறத்தாழ 800 மில்லிகிராம் தந்துவிடும்.

பருப்பின் குறை வேறு பக்கம். அதில் மெத்தியோனினும் சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு, அவை தானியத்தில் தாராளம். ஆக, உலர்ந்த எடையில் தானியம் 70, பருப்பு 30 என்ற விகிதம் இரண்டின் குறையையும் அடைக்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் இது 90-க்கு 10 ஆக இருக்கிறது. சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் இந்த விகிதம் ஒன்றைத்தான். நிலக்கடலையைப் பருப்போடு ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். அதில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருந்தாலும் லைசின் அரிசி அளவுக்குத்தான் இருக்கிறது.

இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டுமா என்று கேட்காதவர்கள் இல்லை. பெரியவர்களுக்கு அவசியமில்லை. தசையிலும் குடலிலும் உள்ள எதிலும் பிணையாமல் தனியாக இருக்கும் அமினோ அமில இருப்பு சில மணி நேர இடைவெளியைச் சமாளிக்கும். ஒரு நாளுக்குள் கணக்கு நேரானால் போதும். சிறு குழந்தைகளுக்கு மட்டும் ஒவ்வொரு வேளையிலும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. வயிறு சிறியது, ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை ஈடுகட்டும் அளவுக்கு அவர்களால் சாப்பிட முடியாது.

அடுப்பில் நடப்பது

சமைத்தால் புரதம் அழிந்துவிடும் என்ற பயத்தில் பச்சை முட்டை குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டில் புரதத்தின் மடிப்பு குலைகிறது, அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கின்றன. மடிப்பு குலைந்ததைச் செரிமான நொதிகள் எளிதாக வெட்டுகின்றன. வெந்த முட்டையின் புரதம் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது; பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் வைட்டமினையும் கட்டிப்போடுகிறது. சால்மொனெல்லா கிருமி தொற்றும் ஆபத்து தனி.

பருப்பு, பயறு, சோயா இவற்றில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி செயலிழந்துவிடும். சிவப்புச் சிறுநீரக பீன்ஸில் (ராஜ்மா) கூடுதல் கவனம் தேவை. அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பொங்கப் பொங்க 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிநிலையை எட்டாத மெதுவேக்காட்டுப் பாத்திரத்தில் வேகாத பீன்ஸை நேராகப் போடக்கூடாது. 80 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடிவிடலாம்.

சூடு உண்மையிலேயே கெடுக்கும் இடம் வேறு. ஈரமில்லாத அதிகச் சூட்டில், சர்க்கரை பக்கத்தில் இருக்கும்போது, லைசின் அதோடு பிணைந்துகொண்டு உடலுக்கு எட்டாமல் போய்விடுகிறது. ரொட்டியின் மேல்தோல் பழுப்பாவதும், பிஸ்கட் சிவப்பதும், வெப்பமான இடத்தில் நெடுநாள் வைத்த பால்பொடி மஞ்சளாவதும் இந்த வினைதான். ஏற்கெனவே லைசின் குறைவான கோதுமையில் இன்னும் குறைகிறது. பிஸ்கட்டையே முதன்மை உணவாக நம்பும் குழந்தைக்கும் முதியவருக்கும் இது கவலைக்குரியது. நாளுக்கு இரண்டு வாட்டிய ரொட்டி சாப்பிடுகிறவருக்கு ஒன்றுமில்லை.

நன்றாகச் சமைத்தாலும் பருப்பு வகைகளின் புரதம் 80 சதவீதம் அளவில்தான் செரிக்கிறது. முழுக்கோதுமை 86, வெள்ளை அரிசி 88, பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாம் 94 அல்லது அதற்கு மேல். முழுக்கவும் தாவர உணவு உண்பவர் தன் இலக்கைப் பத்து, பதினைந்து சதவீதம் உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்வதன் காரணம் இது.

கலோரி குறைந்தால் புரதம் எரியும்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். உடலுக்கு முதல் தேவை எரிபொருள். சோறும் ரொட்டியும் எண்ணெயும் போதாவிட்டால், கொடுக்கும் புரதத்தில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாக மாற்றி எரித்துவிடும். நோயிலிருந்து எழுந்த முதியவருக்குப் பசி இல்லை. வீட்டார் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று வேளையும் புரதப் பொடி கலக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு நாளுக்கு 700 கலோரிகூடப் போவதில்லை. தசை கரைந்துகொண்டே இருக்கிறது, பொடியும் கரைகிறது. இங்கே செய்ய வேண்டியது, கஞ்சியில் எண்ணெயோ வெண்ணெயோ பால்பொடியோ சேர்த்துக் கலோரியை உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 வரை கொண்டுவருவது. அதன் பிறகுதான் புரதம் தன் வேலையைச் செய்யும். எடை குறைக்கப் பட்டினி கிடக்கிறவர்களிடமும் இதுவே நடக்கிறது. கலோரியை வெட்டும் காலத்தில் புரதத்தைக் கிலோவுக்கு 1.2-க்கு மேல் உயர்த்தி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சியும் செய்தால்தான் போகும் எடையில் தசையின் பங்கு குறையும்.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கல். இளைஞரின் தசை 20 கிராம் புரதத்துக்கே விழித்துக்கொள்ளும். வயதானவரின் தசைக்கு அதே தூண்டல் கிடைக்க ஒரே வேளையில் 25 முதல் 30 கிராம் வேண்டும். அதில் லியூசின் 2.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெரும்பாலோர் காலையில் 5, 6 கிராமும் இரவில் 10 கிராமும் மதியம் மட்டும் ஓரளவும் சாப்பிடுகிறார்கள். காலை வேளையைத்தான் நாங்கள் முதலில் பிடிக்கிறோம். 250 மில்லி பாலும் இரண்டு முட்டையும் 20 கிராம். அதோடு இரண்டு துண்டு ரொட்டி சேர்ந்தால் 25 ஆகிவிடும். முட்டை வேண்டாதவர்கள் கெட்டியாக வடித்த தயிர் 200 கிராம் எடுத்துக்கொள்ளலாம், அதில் 18 முதல் 20 கிராம் உண்டு. பருப்பை மட்டும் வைத்து இந்த அளவை எட்டுவது கடினம். 30 கிராம் பருப்புப் புரதத்திலும் லியூசின் 2.2 கிராம் அளவில்தான் நிற்கும், அதற்கு உலர்ந்த பருப்பு 125 கிராம் வேண்டும். சோயா அல்லது டோஃபு சேர்ப்பது எளிது.

சாப்பாடு மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று: ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. மருத்துவர் அனுமதித்த முதல் நாளே கட்டிலில் உட்காரவும், நாற்காலியிலிருந்து எழவும் பழக்க வேண்டும். அசையாத தசை அமினோ அமிலத்தை வாங்காது.

பொடிகளும் மாத்திரைகளும்

உணவில் எட்ட முடியாதவருக்குப் பொடி உதவும். 30 கிராம் பொடியில் 30 கிராம் புரதம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். செறிவூட்டிய வே பொடியில் 80 சதவீதம், இன்னும் தூய்மைப்படுத்திய ஐசோலேட்டில் 90 அளவில். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவருக்கு லாக்டோஸ் மிகக் குறைந்த ஐசோலேட் ஒத்துப்போகும். சூடான பாலில் நேராகப் போட்டால் வே திரிந்து கட்டிகட்டியாகிவிடும். சத்து கெடவில்லை, குடிக்கத்தான் முடியாது. கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்துவிட்டு வெதுவெதுப்பான பாலைச் சேர்த்தால் கட்டாது. பொடி தொடங்கியபின் மலச்சிக்கல் வந்தால் புரதத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். பொடிக்காக எந்தக் காயையும் பயறையும் நிறுத்தினீர்கள் என்று பாருங்கள்.

கிளைத்தொடர் அமினோ அமிலம் மூன்றை (லியூசின், ஐசோலியூசின், வாலின்) மட்டும் மாத்திரையாகவோ பானமாகவோ குடிப்பது வீண் செலவு. கட்டுவதற்கு ஒன்பதும் வேண்டும். மூன்று மட்டும் வந்தால் மிச்சம் ஆறை உடல் தன் தசையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கொலாஜன் பொடியைத் தசைக்கான புரதக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அதிலும் டிரிப்டோபன் இல்லை.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்கு, டயாலிசிஸ் தொடங்கும் முன், கிலோவுக்கு 0.6 முதல் 0.8 வரை என்று குறைக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது 1.0 முதல் 1.2 ஆக ஏறுகிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் சுத்திகரிப்பில் வெளியேறுகின்றன. பலர் பழைய உணவு அட்டையை வைத்துக்கொண்டு டயாலிசிஸ் காலத்திலும் குறைத்தே சாப்பிட்டு மெலிந்துபோகிறார்கள். நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் அதிகப் புரத உணவைத் தொடங்கும் முன், சிறுநீரகத்தின் நிலையை அறிய, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். சோதனைக்கு முந்தைய நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டாலோ கிரியாட்டின் பொடி எடுத்திருந்தாலோ கிரியாட்டினின் கூடிக் காட்டும். அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வயதுக்கு முன் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 1 கிராம் அளவே புரதம், பசும்பாலில் 3.3. அந்தச் சுமையைக் கழிக்கச் சிசுவின் சிறுநீரகத்துக்கு அதிக நீர் தேவைப்படும். கடும் ஊட்டக்குறையால் உடல் வீங்கிய குழந்தைக்கு முதல் நாளே புரதத்தைக் கொட்டுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனைகளில் முதலில் கொடுக்கும் எஃப்-75 பாலில் 100 மில்லிக்கு 0.9 கிராம் புரதம்தான். கல்லீரலும் இதயமும் நிலைப்பட்டு, பசி திரும்பிய பிறகே 2.9 கிராம் உள்ள எஃப்-100-க்கு மாற்றுகிறார்கள். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கு ஃபினைல்அலனினை அளந்துதான் கொடுக்க வேண்டும். அஸ்பார்டேம் சேர்த்த இனிப்புப் பானங்களும் அவர்களுக்கு ஆகாது.

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு இது முக்கியம். குடலிலும் மூளையின் வாசலிலும் அந்த மருந்து அமினோ அமிலங்களோடு ஒரே பாதைக்குப் போட்டி போடுகிறது. நிறையப் புரதத்தோடு விழுங்கினால் மருந்து வேலை செய்யாததுபோல் தெரியும். மருத்துவர் வேறு சொல்லாதவரை சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ எடுப்பது வழக்கம். பகலில் மருந்து சரிவரப் பிடிக்காதவர்களுக்குப் புரதத்தின் பெரும்பகுதியை இரவு வேளைக்குத் தள்ளுகிறார்கள். நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், மொத்த அளவைக் குறைக்கக்கூடாது. அவர்களுக்கு ஏற்கெனவே எடை குறையும் போக்கு உண்டு.

மாற்றம் பலிக்கிறதா என்று பார்க்க ரத்த ஆல்புமினை நம்பாதீர்கள். உடலில் அழற்சி இருந்தால், எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் அது குறையும். மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறவரிடம் சரியாகவே இருக்கும். வீட்டில் செய்யக்கூடியது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் தசையின் வலு குறைந்திருக்கலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் நாடா வைத்து அளந்து, 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்; கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும். இரண்டையும் தொடங்கும் நாளிலும், பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு முறையும் ஒரே காலில், ஒரே நாற்காலியில் எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் நொடி குறையவில்லை என்றால் முதலில் மொத்தக் கலோரியையும், பிறகு காலை வேளையின் அளவையும், அதன் பிறகே மொத்தப் புரதத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.